நடுங்கி வீடு

1997 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. பேட்டரி ஆலையின் மருத்துவ அறையில் பரிசோதிக்கப்பட்ட நாற்பத்தொரு பேரில் பதினேழு பேருக்குக் கை நடுக்கம் இருந்தது. பதினேழு பேரின் அப்பாக்களுக்கும் இருந்தது.

'காரணம்' என்ற கட்டத்தில் ஆலை டாக்டர் பதினேழு முறை 'பரம்பரை' என்று எழுதினார். கீழே முத்திரை குத்துவது நர்சின் வேலை. பதினோரு வருடமாகக் குத்துகிறாள். அப்பன் ஓய்வு பெற்றால் அதே ஈயப் பட்டறையில் மகனுக்கு வேலை என்பது ஆலை வழக்கம். அதைக் கேட்கப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பதினேழில் ஒருவன் அவளுடைய மருமகன். அந்தக் குடும்பத்துக்கு 'நடுங்கி வீடு' என்றே பெயர். "அங்க டீ குடிச்சா பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு" என்று தெருவில் சிரிப்பார்கள். மகள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பேரப்பிள்ளைக்கும் அந்த ரத்தம்தானே என்ற நினைப்பு நர்சை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனாள். வாசலில் சம்பந்திக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. கத்தி பிடித்தவன் அவருடைய மூத்த மகன். பதினெட்டு வயதில் வெளியூர் போய் சலூன் வைத்தவன்.

"ஆடாம இருப்பா, காது போயிடும்."

"போகட்டும்டா. நீ பேசுறதக் கேக்காம இருக்கலாம்."

அப்பன் தலை ஆடியது. மகன் கை ஆடவில்லை. நர்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்கட்டில் மகள் புருஷனின் வேலைச் சட்டையை உதறினாள். சாம்பல் நிறத் தூசி பறந்து அவள் முகத்தில் படிந்தது. வாளித் தண்ணீர் கறுத்தது. துவைத்து முடித்து, வேறொரு சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். நூல் மூன்று முறை ஊசிக் காதைத் தவறவிட்டது.

"கண்ணு மங்குதும்மா."

"கைய நீட்டுடி."

நீட்டிய விரல்கள்மேல் நர்ஸ் ஒரு தாளை வைத்தாள். ஆலையில் வைப்பதுபோலவே. காற்றில்லாத அறையில் தாள் படபடத்தது.

மறுநாள் காலை மகளை நகரத்து ஆய்வகத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்துவிட்டு, ஆலை டாக்டரிடம் போய் அவள் கை நடுக்கத்தைச் சொன்னாள்.

"சொந்தத்துல குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது டாக்டர். அந்த ரத்தத்துல பிறந்த மூத்தவன் கத்தி பிடிச்சுப் பொழைக்கிறான், அவனுக்கு ஒண்ணுமில்ல. இவ துணி துவைக்கிறா. அவ்வளவுதான்."

"பிள்ளைத்தாச்சி. சத்து போதாது. மாத்திரை எழுதித் தரேன்."

போன வாரத்துப் பதினேழு படிவங்களையும் முத்திரைக்காக அவள் பக்கம் தள்ளினார். அவள் முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

செவ்வாய்க்கிழமை வேறொரு நர்ஸ் பதினேழு படிவங்களிலும் முத்திரை குத்தினாள். மகளின் ரத்தத்தில் ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைவிட ஆறு மடங்கு என்று ஆய்வகம் வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தது. குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தது. எடை ஒன்றரைக் கிலோ.