பலகை தட்டுமுன்

தச்சருக்கு அறுபது தாண்டிய பிறகுதான் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. முட்டி இரண்டும் தேய்ந்த மனிதர் மூத்தோர் நூறு மீட்டரில் ஓடப் போகிறாராம் என்று பட்டறைத் தெருவே வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்கட்டும். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

பட்டறையைத் திறக்குமுன் பின்பக்கச் சந்தில் பயிற்சி. கால் ஊன்றிக் கிளம்பும் கட்டையை மீந்த மரத்தில் அவரே செய்து தரையில் அறைந்திருந்தார். துப்பாக்கிக்குப் பதில் மனைவி. அவர் முதுகுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்து அறைவாள். உடனே பாய வேண்டும். சந்து முனை வரை உயிரைக் கொடுத்து ஓடி, நடந்து திரும்பி, மறுபடியும் குனிய வேண்டும். இளவட்டங்களே படுத்துவிடும் பயிற்சி அது. இவர் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு விடாப்பிடியாக ஓடினார்.

அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காலமெல்லாம் அவர் பக்கத்தில் நின்று மரத்துக்கு உப்புத்தாள் தேய்த்த பலன். அடுத்த வருடம் வரை தாங்காது என்று மருத்துவர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கா தெரியாது?

"ஒரே ஒரு தடவ நீங்க போட்டியில ஓடுறத நான் பாத்துடணுங்க," என்றாள் ஒரு நாள். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

"பலக சத்தம் கேக்குறதுக்குள்ள பாதி சந்து போயிடுறீங்களே!" என்று அவள் கேலி செய்வாள். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. பாவம், பலகையை அறைய அவளிடம் பலம் ஏது? நெஞ்சு கீச்சிட ஒரு மூச்சை இழுத்துத் தம் பிடித்த பிறகுதான் கை சேரும். அவர் கால்கள் பலகைக்குப் பாயவில்லை, அந்த மூச்சுக்குத்தான் பாய்ந்தன. இது இருவருக்கும் உறைக்கவே இல்லை.

போட்டியன்று மகள் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஜெயிக்கிற எடத்துல போய் உக்காரலாம்மா."

"வேணாம்டி. உங்கப்பா கெளம்புறத நான் பாக்கணும். பலக தட்டுனவ நான்தானே?"

எனவே கிளம்பும் கோட்டுக்குப் பின்னால், வேலியோரம் உட்கார்ந்தாள்.

"செட்!" என்றது குரல். இடுப்புகள் உயர்ந்தன. மைதானம் கப்சிப். அந்த அமைதியில், படபடப்பு தாங்காமல், அவள் ஒரு மூச்சை இழுத்தாள்.

தச்சர் பாய்ந்துவிட்டார். வெடி அதற்குப் பிறகுதான் கேட்டது, அதுவும் அவரைத் திருப்பிக் கூப்பிட. முந்திக்கொண்டு ஓடினால் அத்தோடு வெளியே, அதுதான் விதி. அதிகாரி மரியாதையாகவே சிவப்பு அட்டையைக் காட்டினார். மற்றவர்கள் ஓடி முடித்ததைத் தச்சர் வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். எந்தச் சத்தத்துக்குக் கால் பாய்ந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள் மகள்.

"காது மந்தமாயிடுச்சும்மா. வெடிச்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன்," என்று வாய் கூசாமல் பொய் சொன்னார்.

வீடு திரும்பும் வண்டியில் மனைவி முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் வெளியே வராமல் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"விடும்மா. நல்லா மூச்சு விடு. நான் இனிமே எங்கயும் ஓடப் போறதில்ல."