கடைசியாக வந்த விண்ணப்பதாரர்

கட்டுக்கலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கோசலா தோல் பராமரிப்பு நிலையம் நடத்தி வந்தாள். முகப்பரு, கரும்புள்ளி, லேசர் என்று கண்டியின் கல்யாணப் பெண்களில் பாதிப் பேர் அவள் கைக்குள்ளால்தான் மணவறைக்குப் போனார்கள். அவளுக்குத் தோல் தெரியும், கணக்குத் தெரியாது. கணக்கு முழுவதும் கணவர் விமலநாதனுடையது. நிலையம் தொடங்கிய நாளில், அரசாங்கக் கணக்குக் கிளையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று வந்து, பின்னறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தவர் அவர்.

போன வருடம் ஒரு மாதம் நிலையத்தில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் இரண்டு தடவை போனது. அடுத்த மாதம் ஒருவருக்கும் போகவில்லை. பெண்கள் முணுமுணுக்கவில்லை, விமலநாதன் சேருக்கு ஏதோ யோசனை என்று இருந்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் அவர் கணினியைப் பார்த்தபடியே வெகுநேரம் அசையாமல் இருந்தார். தோளைத் தொட்டபோது, "இது என்ன இடம், கோசலா?" என்று கேட்டார். பேராதனை ஆஸ்பத்திரி டொக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, ஞாபகம் மெல்ல மெல்லத்தான் போகும் என்றார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு அவர் பல்லேகல வீட்டிலேயே இருந்தார். கோசலா வெளியே போகும்போது பக்கத்து வீட்டுப் பத்மாதேவி அக்கா பார்த்துக்கொண்டாள். கணக்கு குவிந்தது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது கோசலா சொன்னாள்:

"உங்களுக்கு உதவிக்கு ஓராளை எடுக்கப்போறனப்பா."

"ஓம். நல்லது," என்றார் அவர். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நேர்முகத்துக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். முதலில் அக்குறணையிலிருந்து ஹலீம் என்ற இளைஞன். கெட்டிக்காரன். ஆனால் வீட்டிலிருந்தே செய்து அனுப்புகிறேன், இங்கே வந்து உட்கார முடியாது என்றான். அடுத்தது மஹய்யாவவிலிருந்து வந்த நிரோஷா. பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்தவள். கோசலா இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: ஒரு வாடிக்கையாளர் ஆறு தடவைச் சிகிச்சைக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால், அதை எப்போது வருமானமாகப் போடுவீர்கள்?

"காசு கைக்கு வந்திருச்சுன்னு அன்னிக்கே போட்டுறக் கூடாது மேடம்," என்றாள் நிரோஷா. "நாம இன்னும் வேலை செஞ்சு குடுக்கலையே. அவங்க ஒவ்வொரு தடவையும் வந்துட்டுப் போகையில அந்தந்தப் பங்கைப் போடணும். அதுவரைக்கும் அது அவங்க காசுதாங்க."

இதே பதிலைத்தான் விமலநாதன் முதல் மாதத்திலேயே கோசலாவுக்குச் சொல்லித் தந்திருந்தார். காசைக் கண்டவுடன் புது இயந்திரம் வாங்க ஓடிய அவளைப் பிடித்து இருத்தி, சிரித்துச் சிரித்துச் சொன்னார். கோசலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பின்னேரம் சொல்லி அனுப்புவதாக நிரோஷாவிடம் சொன்னாள்.

அவள் வெளியே போனதும் வரவேற்பில் நிற்கும் மஸீனா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மிஸ், சேர் வந்தீக்கார்."

"எந்தச் சேர்?"

"நம்மட சேர். வெளியே கதிரையில இருக்கார். உள்ளுக்குப் போங்க சேர்னு சொன்னன். தன்ட முறை வரட்டுமாம்."

பத்மாதேவி அக்கா குளிக்கப்போன நேரத்தில், விமலநாதன் தானே சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டு உடுத்திக்கொண்டு, தெல்தெனியப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, டவுனில் இறங்கி, நடந்தே வந்திருந்தார். உள்ளே வந்து, மேசைக்கு முன்னாலிருந்த கதிரையில், விண்ணப்பதாரர்கள் இருந்த அதே கதிரையில், நேராக உட்கார்ந்தார். சப்பாத்து மினுங்கியது. கழுத்துப் பட்டிகூடக் கட்டியிருந்தார்.

"என்னப்பா இது?" என்றாள் கோசலா.

"அவையளைக் கேட்டமாதிரி என்னையும் கேளும். உம்மட மனுசன் எண்டு பார்க்கவேண்டாம்."

"வேண்டாம். வாங்கோ, வீட்ட போவம்."

"நான் செய்யமாட்டன் எண்டு நீர் முடிவெடுத்திட்டீர். என்னை ஒருக்காக் கேட்டுப்போட்டு முடிவெடுத்திருக்கலாம்."

அதில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. மறுத்தால் அவர் எழுந்து போய்விடுவார், ஆனால் அது அவளைவிட்டே போகும் போக்காக இருக்கும் என்று பட்டது. கேட்டாள். ஆறு தடவை, முன்பணம், வருமானம்.

விமலநாதன் தலையை ஆட்டினார். "ஓம். ஓம். முன்பணம்." மேசை விளிம்பை விரலால் தடவினார். "அது வந்து, முதலிலை..." நிறுத்தினார். கீழே வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. "இது எனக்குத் தெரியும், கோசலா. நில்லும். சொல்லாதையும். எனக்குத் தெரியும்."

அவருடைய உதடுகள் அசைந்தன. நெற்றியில் வியர்வை வந்தது. எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிறவர் போலக் கண்கள் அறை முழுவதும் அலைந்தன.

"சரியப்பா," என்றாள் கடைசியில். "சரியாத்தான் சொன்னீங்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லையே."

கோசலா குனிந்துகொண்டாள்.

"மற்றவை சொன்னவையோ?"

"அந்த மஹய்யாவப் பிள்ளை சொன்னது."

"வடிவா விளங்கப்படுத்தினதோ?"

"ஓம்."

"அப்ப அந்தப் பிள்ளையை எடும்." கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். "எனக்கு இல்லை எண்டதை நீரே சொல்லும். ஆக்களை விட்டுச் சொல்லுவியாதையும்."

அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவர் முன்னால் குந்தினாள். அவர் முழங்காலில் இரு கைகளையும் வைத்தாள். "உங்களுக்கு இந்த வேலை இல்லையப்பா," என்றாள். சொல்லி முடித்ததும் அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்தார். அழுதது அவள்தான்.

நிரோஷா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். அடுத்த வாரமே விமலநாதன் மறுபடி வந்தார். அதே சேட்டு, அதே கழுத்துப் பட்டி. இன்றைக்குத்தானே நேர்முகம் என்று மஸீனாவிடம் கேட்டார். கோசலா அவரை உள்ளே கூட்டிப்போய், ஆளை எடுத்தாயிற்று என்று சொன்னாள். அவருக்கு அது புதிய செய்தி. முதன்முறை கேட்பவர்போலவே முகம் விழுந்தது. பத்மாதேவி அக்கா வீட்டுக் கதவைப் பூட்டி வைக்கப் பார்த்தாள். அவர் பூட்டோடு மல்லுக்கட்டிக் கையைக் காயப்படுத்திக்கொண்டதால், கோசலா வேண்டாம் என்றுவிட்டாள். தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து, அவர் கிளம்பும் நாட்களில் பத்திரமாகக் கூட்டிவரச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர், "அப்ப அந்தப் பிள்ளையை எடும்," என்றார்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் வந்தார். சப்பாத்து சேறாகியிருந்தது. வரிசைக் கதிரையில் இரண்டு பெண்களுக்கு நடுவே கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கோசலா பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அந்த 'இல்லை' என்ற சொல் வாயில் வரவில்லை.

"இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றாள். "நாளைக்குச் சொல்லுறம்."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"பெரிய உபகாரம், மேடம்," என்றார். "வீட்டில மனிசியிட்ட இன்னும் சொல்லேல்லை. வேலை கிடைச்சாப்பிறகு சொல்லுவம் எண்டிருக்கிறன்."

அவர் கேலி பேசவில்லை. அவளுடைய முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

"சொல்லுங்கோ," என்றாள் கோசலா. "அவ சந்தோசப்படுவா."

உள்ளே ஒரு பெண் முகத்தில் பூச்சோடு காத்துக்கொண்டிருப்பதாக மஸீனா வந்து ஞாபகப்படுத்தினாள். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட்டு, கோசலா மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். குடையை எடுத்து விரித்து, அவர் நனையாதபடி பிடித்துக்கொண்டு, படியிறங்கினாள்.