ஏழாம் தொட்டியின் புளிப்பு

தொட்டி கழுவுகிறவள் ஆலைக்குள் இருந்தால் மட்டுமே ஏழாம் தொட்டியின் கோதுமை பீர் புளித்தது. ஏழு மாத வயிற்றோடு அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் அது தொடங்கியது. அவள் வெளிவாசலைத் தாண்டினால் போதும், அந்தப் புளிப்புக்காகவே விற்கும் பீர் அசட்டுத் தித்திப்பாகிவிடும். ஒரு வருடம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி நம்பினார். நம்பியபின் மாடியில் அறை வந்தது, நல்ல மெத்தை வந்தது, டாக்டரும் துணிக்காரரும் படியேறி வந்தார்கள். "உன்னை யாரும்மா கட்டிப் போட்டாங்க? நாப்பது குடும்பம் சாப்பிடுது, அதை மட்டும் நெனச்சுக்கோ" என்பார் முதலாளி. பூட்டுப் போட்டிருந்தால் உடைத்துக்கொண்டு போயிருப்பாள். இதை என்ன செய்வது?

பீரைக் குறை சொல்ல முடியாது. செர்ரிப்பழம் ஊறி, வெளிர்சிவப்பில் கலங்கலாக இருக்கும். முதல் மடக்கில் பல் கூசி ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பிறகு பழம் மெல்லத் தலைகாட்டும். கடைசியில் சூடான ரொட்டியின் வாசனை நாக்கில் தங்கும். குடித்தவர்கள் காரணமில்லாமல் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கோ அதன் வாடையே குமட்டியது. கணவன் அந்த மாடியிலேயே போய்ச் சேர்ந்தான். அங்கேயே வளர்ந்த மகள் மட்டும் வெளியூரில் வாழ்க்கைப்பட்டுத் தப்பித்தாள். தாய்க்கிருந்த ஒரே நிம்மதி அதுதான்.

இருபத்துநாலாம் வருடம் ஒரு மதியம் மகள் பெட்டியோடு வந்து நின்றாள், ஏழு மாதம். "பிரசவம் வரைக்கும் உங்கிட்டதாம்மா இருக்கப் போறேன்" என்றாள். அவள் பதில் சொல்வதற்குள், அதுவரை யாருக்கும் மசியாத எட்டாம் தொட்டியிலிருந்து புளிப்பு வாடை கிளம்பியது. தாய் மகளின் பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தாள்.

"இங்க இடமில்ல. வந்த வழியே போ."

"ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலையேம்மா."

"பஸ் ஸ்டாண்டுல குடி."

மகள் அழுதுகொண்டே போனாள். எட்டாம் தொட்டியில் ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு முதலாளி ஓடி வந்தபோது தாய், "காலைல நாந்தான் அதைக் கழுவினேன்" என்றாள். உடனே அதையும் அவள் தலையில் கட்டினார்கள். பிறகு அது புளிக்கவேயில்லை. வயதாகிவிட்டது, இனி இவளால் ஒரு தொட்டிதான் முடியும் என்று முடிவுகட்டினார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

பேத்தி பிறந்த சேதியை மாப்பிள்ளைதான் எழுதினார். மகள் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வருடம் ஏழாம் தொட்டி சற்றுக் கூடுதலாகவே புளித்தது. குடிக்கிறவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.