சபாத்தில் வரமாட்டார்

ப்ரெய்ண்டலுக்குப் பொறுமை என்று ஒன்று இருந்தது உண்மைதான். அது இந்தச் செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்துபோனது. உள்ளே மாமனார் கெட்சல் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். பெற்ற ஒரே பிள்ளை ஸல்மன், அதாவது அவளைக் கட்டிய மகாராசன், இடுப்பு வரை தொங்கும் தலைமுடியோடு முற்றத்தில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறான். காலையிலிருந்து இது இருபதாவது தடவை.

"உள்ள வந்து பாருங்களேன். கண்ணு இருக்கில்ல?"

"வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஹெப்ரோனில் யூதத் தெருவுக்கே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால், காலரா வந்தபோது, நாலு வயது மகள் பெர்லைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் பத்துப் பேர் காதுபட ஸல்மன் நேர்ந்துகொண்டான்: "தாவீதின் மகன் வர்ற நாள்ல நான் நசரேய விரதத்துல இருப்பேன்." அந்த விரதக்காரன் திராட்சைத் தோலைக்கூட வாயில் வைக்கக்கூடாது. முடி வெட்டக்கூடாது. பிணம் கிடக்கும் கூரைக்குள் கால் வைக்கக்கூடாது, பெற்ற தகப்பனே ஆனாலும். தாவீதின் மகனான மெசியா வருகிற ஒரே ஒரு நாளைக்குத்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மறுநாள் ஊர் மதகுருவான ரபி தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: அவர் இன்றைக்கு வரமாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? நாளைக்கு வரமாட்டார் என்று? ஆக, எல்லா நாளும் விரதம். வார ஓய்வு நாளான சபாத்துக்கும் பண்டிகைக்கும் மட்டும் விலக்கு, அந்த நாட்களில் அவர் வரமாட்டார் என்று பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் சபாத்தில் முடியை வெட்டித் தொலைக்கலாமே என்றால், சபாத்தில் எந்த யூதன் கத்தரிக்கோலைத் தொடுவான்? அதனால்தான் இந்தக் கோலம்.

குடும்பத் தொழிலோ, திராட்சை ரசம் பிழிந்து புளிக்க வைத்து விற்பது! ருசி பார்க்க ஒரு நாக்கு வேண்டாமா? கெட்சல் படுத்த பிறகு ப்ரெய்ண்டலின் நாக்குதான். பீப்பாய் பீப்பாயாக ருசி பார்த்துத் துப்பினாள். சந்தையில் பெண்கள் அவள் மூக்கு சிவந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

இதை மட்டும் விட முடியவில்லை. கிழவர் கேட்டது ஒன்றே ஒன்று: "போகும்போது என் பையன் கை என் கையில இருக்கணும்."

"நான் உள்ள இருக்கும்போதே உயிர் போயிட்டா?" என்றான் ஸல்மன். "மூச்சு என்ன, சொல்லிட்டா நிக்கும்?"

புதன்கிழமை அவள் ரபியையும் ரொட்டிக்கடைக்காரரையும் பள்ளி வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டால் நேர்ந்ததை அவிழ்த்துவிடலாம். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் நேர்ந்திருக்க மாட்டேன், வருத்தப்படுகிறேன் என்று நேர்ந்தவன் மனசாரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முற்றத்தில் பெஞ்சு போட்டாள், டீ கொடுத்தாள்.

"சொல்லுப்பா ஸல்மன்," என்றார் ரபி. "ஒரு வார்த்தை. உள்ள போயிடலாம்."

ஸல்மன் தரையைப் பார்த்தான். "எனக்கு வருத்தமே இல்லையே, ரபி. பொய் சொல்லட்டுமா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய்யை வைத்து ஒன்றையும் அவிழ்க்க முடியாது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் வாசலில் நின்று, "உன் புருஷன் தலையை விட என் அடுப்புக்கல்லு மெதுவா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ப்ரெய்ண்டல் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சா என்ன? வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"சொன்னா, அவர் இன்னிக்கு வரமாட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அவர் வரும்போதுதானே செத்தவங்க எழுந்திருப்பாங்க? பெர்ல் எழுந்து வந்து பார்க்கும்போது நான் தயாரா இல்லைன்னா? என்னை அப்பா எதிர்பார்க்கவே இல்லைன்னு நினைக்க மாட்டாளா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் யாரு அவளுக்கு? பக்கத்து வீட்டுக்காரியா? நானும்தான் காத்திருக்கேன். மாவு பிசைஞ்சுகிட்டே காத்திருக்கேன், உங்க அப்பாவுக்குப் படுக்கை மாத்திகிட்டே காத்திருக்கேன்! கையைக் கட்டிகிட்டு முற்றத்துல நின்னாதான் காத்திருக்கிறதுன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழுதுவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஓடினாள்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்றார் கெட்சல்.

"புதன், மாமா."

"சபாத்துல அவனுக்கு விரதம் இல்லையே. அதுவரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். சூப் கொண்டா. ஈரல் இருந்தா அதையும் கொண்டா."

"இந்த நிலைமையில ஈரலா?"

"சபாத் வரைக்கும்தான் நான் சாகலையே!"

சொன்னபடியே பிடித்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் அவள் சபாத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியதும் ஸல்மன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான்.

"வாய்யா, பெரிய மனுஷா. வழி தெரிஞ்சுதா?" என்றார் கிழவர்.

அவன் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். இரவு முழுக்க விடவில்லை. சனிக்கிழமை காலை, இந்த வருடத்துத் திராட்சை ரசம் ஒரே புளிப்பு என்று கெட்சல் குறை சொன்னார். மத்தியானத்துக்கு மேல் பேச்சு நின்றது. மூச்சு நிற்கவில்லை. பொழுது இறங்க இறங்க ப்ரெய்ண்டல் ஜன்னலுக்கும் படுக்கைக்கும் நடந்தாள். அவசரமில்லாமல் போங்கள் மாமா என்று வேண்ட வேண்டிய மருமகள், சீக்கிரம் சீக்கிரம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். என்ன ஜென்மம் இது, என்னை இப்படி வேண்ட வைத்துவிட்டாரே என் புருஷன் என்று அவமானமாக இருந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது. ஒரு நட்சத்திரம், பிறகு இன்னொன்று. மூன்றாவது தெரிந்தால் சபாத் முடிந்தது.

"வந்துடுச்சா?" என்றான் ஸல்மன், தலையைத் திருப்பாமல்.

மேகம் மறைக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. "வந்துடுச்சு. நல்லாவே தெரியுது. போறதுன்னா போங்க."

கிழவரின் விரல்கள் அவன் கையை மூடியிருந்தன. அதில் பலம் ஒன்றும் இல்லை, ஒரு குழந்தைகூட உருவிக்கொண்டு போய்விடும். ஸல்மன் உருவவில்லை. தெருவில் ஜெபாலயத்திலிருந்து திரும்புகிறவர்கள், நல்ல வாரமாக அமையட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். மூச்சு ஒருமுறை வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொருமுறை வந்தது. அப்புறம் வரவில்லை.

ஸல்மன் அப்பாவின் கண்களை மூடினான். பிறகு, அடிபட்டவன் மாதிரி அவளைப் பார்த்தான். "ப்ரெய்ண்டல், இப்ப அவர் வந்துட்டா? பெர்ல் வந்துட்டா?"

திட்டுவதற்குப் பதினோரு வருடத்துச் சரக்கு அவளிடம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வரட்டுமே," என்றாள். "நாம எல்லாரும் அவருக்காக இத்தனை காலம் காத்திருக்கோம். நீங்க அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வர்ற வரைக்கும் அவர் நமக்காகக் காத்திருக்கட்டும். பெர்ல் கேட்டா, தாத்தா கையைப் பிடிச்சுகிட்டு இருந்தீங்கன்னு நான் சொல்லிக்கறேன்."