பாகாவுக்கு வேண்டிய வெயில்

நல்லேப்பிள்ளியில் தங்கை வீட்டு அறுவடைக்குப் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர் நஞ்சப்பன், தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் திராட்சைப் பந்தலைப் பார்த்தபடி நின்றார். மேற்கு ஓரம் முழுக்க மொட்டை. அந்த இலையெல்லாம் என் ஆடுகளின் வயிற்றில் இருந்தது.

"கமலாத்தா, இது ஆரு பண்ணுன வேலை?"

"நாந்தானுங்க. காடெல்லாம் காஞ்சு கெடக்குது. ஆட்டுக்கு என்னத்தப் போடறதுங்க?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால் தட்டை என் பக்கம் நகர்த்துவார். எனக்கும் வீம்பு ஏறிக்கொண்டது. அந்தக் கொடி எனக்குச் சக்களத்திதான். போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பி மோகனசுந்தரம் லீவில் வந்தபோது கொடுத்த குச்சி. பாகா என்று பேர். சிவப்பு ஒயினுக்கென்றே அந்த ஊரில் விளைகிற ரகமாம். வெளியே அவ்வளவாகத் தெரியாதாம். கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் செய்கிற மாதிரி இவரும் பந்தல் போட்டு ஏற்றினார். இலை கூரையாக அடைத்துக்கொண்டது. காய் குண்டுமணி அளவில் நெருக்கிப் பிடிக்கும், பச்சையிலேயே அழுகும். இந்தக் காய்ப்பிலும் பழுத்துக் கறுக்காவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புடலை ஏற்றுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த நாளிலிருந்து மனிதருக்குச் சரியான தூக்கமில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் கூப்பிட்டார். "அம்மிணி, இங்க வா."

பாம்போ என்று பதறி ஓடினேன். மொட்டையான ஓரத்தில் கொத்துக் கொத்தாகக் கறுப்பு. இலை மூடிய பக்கம் அத்தனையும் பச்சை. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். புளித்தது, நாக்கைப் பிடித்துத் துவர்த்தது, அப்புறம் மெல்ல இனித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீடியோ காலில் காட்டியதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, காய் மேல வெயில் படோணும்னு தழை கிள்ளறதுதான் எனக்கு இங்க வேலையே. மாமனுக்கு அதச் சொல்லாம உட்டுட்டனே."

இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"புடலை வெதை வாங்கி வெச்சிருக்கறனுங்க," என்றேன்.

"வேலியோரம் ஊனிக்க. இப்ப முந்தானைய விரிச்சுப் புடி."

கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே நகர்ந்தார். தழை விழுந்த இடமெல்லாம் வெயில் இறங்கியது, காய் மேலும், அவருடைய வழுக்கைத் தலை மேலும். துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.