திருவிழாப் போத்தல்

மண்வெட்டி போத்தலில் இடித்த சத்தம் கேட்டதும், சமையலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ரொசீனா மாதாம் கைதட்டினார். தொண்ணூறு வயதில் அப்படியொரு சந்தோசம். செல்வமலர் நிமிர்ந்து பார்க்காமல், போன வருடம் தான் புதைத்த போத்தலைத் தோண்டி எடுத்தாள்.

மாதாம் பிறந்தது ஹங்கேரியில், ஜெர்மன் பேசும் ஒரு கிராமத்தில். அங்கே தேவாலயத் திருவிழா முடிகிற அன்று ஒரு வைன் போத்தலை மண்ணில் புதைப்பார்கள். அடுத்த வருடம் அதைத் தோண்டி எடுத்தால்தான் திருவிழா தொடங்கும். புதைத்தவரே தோண்டவும் வேண்டும். 1946இல் புதைத்தது மாதாமின் அண்ணன். மறு திருவிழா வருமுன், ஜெர்மன்காரர் என்று சொல்லி அந்தக் குடும்பத்தை ரயிலேற்றி நாடு கடத்திவிட்டார்கள். அந்தப் போத்தல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது என்று மாதாம் வாரத்துக்கு மூன்று தரமாவது சொல்வார்.

மாதாமைப் பார்த்துக்கொள்ள பிரெஞ்சு பேசும் அஹுன்ட்சிக் பகுதியில் உள்ள இந்த வீட்டுக்குச் செல்வமலர் வந்து நான்கு வருடம். ஒவ்வொரு இலையுதிர் காலமும் வேலையை விடப்போகிறேன் என்று சொல்ல வாயெடுப்பாள். மாதாம் அடுத்த போத்தலைக் கையில் திணித்துவிடுவார். புதைத்தபின் எப்படிப் போவது? சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாலாவது அறுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.

இம்முறை டொராண்டோவில் மகள் பிரஷாந்தினிக்கு எட்டு மாதம். "அம்மா, இந்த முறையும் வராட்டி இனி நான் கேக்கமாட்டன்" என்று நேற்றுப் போனை வைத்துவிட்டாள். நாளைக் காலை பஸ். மாதாமின் மகன் வேறு ஆளும் பிடித்துவிட்டார். மாதாமுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

புதுப் போத்தலோடு குழியின் முன் குனிந்தாள். ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு முதுகு குழியை மறைத்தது. போத்தலைக் கோட்டுக்குள் செருகிவிட்டு வெறுங்குழியை மூடினாள். மண்ணை மிதிக்கக் கால் கூசியது.

உள்ளே வந்ததும் மாதாம் அவளுடைய கைகளைப் பிடித்து, விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"ஆழமாகப் புதைத்தாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்" என்று தமிழில்தான் வந்தது. இத்தனை வருடத்தில் மாதாமுக்கு அந்தச் சொல் பழகியிருந்தது.

"நல்லது. இனி எனக்குக் குளிர்காலத்தை நினைத்துப் பயமில்லை."

அறையில் பயணப்பெட்டி திறந்து கிடந்தது. வீட்டில் வேறெங்கே வைத்தாலும் மாதாம் கண்டுபிடித்துவிடுவார். சேலைகளுக்கு நடுவே போத்தலை வைத்து மூடிப் பார்த்தாள். மூடி பொருந்தவில்லை. சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பேரப்பிள்ளைக்குப் பின்னிய கம்பளித் தொப்பியையும் எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். சமையலறையில் மாதாம் தன் ஊர்த் திருவிழாப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி செல்வமலர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.