செஃபெரினோவுக்கு முந்திரி கேக்

கரீபியக் கடலின் குராசாவ் தீவில், பார்பர் என்னும் எங்கள் கிராமத்துச் செஃபெரினோ, செத்து இருபது வருடமாகியும் தன் வீட்டுச் சமையலறையில்தான் இருக்கிறார். அவர் அழுவது சுவரின் வெளிப்பக்கத்தில் உப்பாகப் பூக்கிறது. ஊர் ஆடுகள் அதை நக்கி நக்கிச் சுண்ணாம்பு பெயர்ந்திருப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

உயிரோடு இருந்தபோது அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மனைவி எர்சிலியாவின் முந்திரி கேக் இல்லாமல் பார்பரில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. முந்திரியை வறுத்து இடித்து, முட்டை வெள்ளையைக் கை கடுக்க அடித்து, அவள் சுட்டு இறக்கியதும் முதல் துண்டு செஃபெரினோவுக்கு. மணலைத் தின்பதுபோல இருக்கிறது என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டு, பாதியைக் காலி செய்வார். அவள் கை தட்டுப் பக்கம் போனால் கரண்டியால் ஒன்று விழும்.

"செய்யறவளுக்கு வாசனை போதும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், வெட்கக்கேடு. முப்பத்தொரு வருடம் எர்சிலியா தன் கேக்கின் ருசி தெரியாமலே சுட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மாரடைத்துச் செத்தார். வழக்கப்படி எட்டு நாள் வீட்டில் பீடம் வைத்து ஜெபம் நடந்தது. எட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் பீடத்தைக் கலைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டால்தான் ஆவி வெளியேறும். ஜெபம் சொல்லும் டொமிசியானா ஜன்னல் கொக்கியில் கை வைத்தபோது எர்சிலியா குறுக்கே வந்து நின்றாள்.

"கேக் அடுப்புல இருக்கு. இப்பக் காத்து பட்டா நடுவுல அமுங்கிடும்."

காற்று ஒருநாளும் ஓயாத தீவு எங்களுடையது. அமுங்கிய கேக்கை வந்தவர்களுக்கு வைப்பது குடும்பத்துக்கே கேவலம் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. கேக் வெந்து இறங்குவதற்குள் பொழுது சாய்ந்து நேரம் தப்பிவிட்டது. சமையலறையில் ஒரு நாற்காலி தானாக நகர்ந்தது. துக்கத்தில் நேரத்தைத் தவறவிட்டாள் என்றார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், வேண்டுமென்றேதான் செய்தாள்.

மறுநாள் ஜன்னல்களுக்கு ஆணி அடித்தாள். சனிக்கிழமைதோறும் கேக் சுட்டு, அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து முதல் துண்டைத் தின்றாள். செத்தவரால் முகர முடியும், விழுங்க முடியாது. ஒரே ஒரு வாய் என்று அவர் கெஞ்சுவது தெருவரை கேட்கும். செத்தவங்களுக்கு வாசனை போதும் என்பாள். காற்றே புகாத அந்த வீட்டில் அவளும்தான் வெந்தாள். முடி கொட்டியது, தோல் கறுத்தது. அதையெல்லாம் அவள் பெரிதாக நினைக்கவில்லை.

மகள் லுசேனா பட்டணத்திலிருந்து வாராவாரம் வந்து மன்றாடினாள். சின்ன வயதில் அவளை மடியில் வைத்துக் கேக் ஊட்டியவர் அப்பா.

"போதும்மா, விட்டுடு. பாவம் அவர்."

"அந்த மடியில உக்காந்து நீயும்தான்டி சிரிச்ச."

ஒருமுறை ஆணியைப் பிடுங்கப் போன மகளின் கையில் எர்சிலியா அடுப்பில் காய்ந்த கரண்டியை வைத்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

போன வருடம் எர்சிலியா செத்தாள். எட்டாம் நாள் வருகிறவர்களுக்காக லுசேனாவே முதன்முதலாக முந்திரி கேக்கை அடுப்பில் ஏற்றினாள். ஆனால் அது வேகும்வரை காத்திருக்கவில்லை. சாயங்காலம் ஆணிகளைப் பிடுங்கி எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். திரைச்சீலை ஒருமுறை விலகியது. எர்சிலியா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். லுசேனா சமையலறை வாசலில் நின்று, வழி திறந்திருக்கிறது, நீங்களும் போங்கப்பா என்று அழுதாள்.

உள்ளே நாற்காலி அதட்டலாக நகர்ந்தது.

"எவடி ஜன்னலைத் திறந்தது? கேக் அமுங்கிடப் போகுது. உங்கம்மா செஞ்சது கடைசி வரைக்கும் மணலு. உன்னுது எப்படின்னு பார்ப்போம். மூடுடி."

லுசேனா தன் கைத் தழும்பைப் பார்த்தாள். அப்பா சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. ஜன்னல்களைச் சாத்தி, பழைய ஓட்டைகளிலேயே ஆணிகளை அடித்தாள். கேக் அமுங்காமல் எழும்பி வந்தது. முதல் துண்டை நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து தின்றாள். ஆடுகளுக்கு உப்புக்குக் குறைவில்லை.